மூன்று பத்திரிகை அகலம்

ஜனவரி 17, புதன்

தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையை முப்பது வருடம் தனி ஆளாகத் தலையில் சுமந்த ஆவுடையப்பனாகிய நான், பாளையங்கோட்டை உரக்கடைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த டைரியில், ஸ்காட்லாந்து தேசத்து டன்கார்வி கோட்டையில் உட்கார்ந்து, பேனா மை உறைந்து கட்டியாவதற்குள் அவசரமாக எழுதுவது என்னவென்றால், வந்து சேர்ந்தோம்.

கோமதி அக்காவின் மகள் பூரணிக்கு வருகிற 28ஆம் தேதி இந்தக் கோட்டையில் கல்யாணம். பூரணி இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் நோய்க்கூறு பரிசோதனை டாக்டர். மாப்பிள்ளை ரோரி இந்த ஊர்க்காரன், பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய சித்தி மொராக்தான் கோட்டையின் மேலாளர். ஜனவரியில் வேறு கூட்டம் வராது என்பதால் பழைய குதிரை லாயத்தை அறைகளாக்கிய பகுதியை எங்களுக்கே விட்டிருக்கிறார்.

மொராக் பேசும் இங்கிலீஷ், கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டு உருட்டுவது போல இருக்கிறது. எனக்குப் புரிந்தவரை நம்மூர்ப் பேச்சில் எழுதிக்கொள்கிறேன்.

"மிஸ்டர் ஆவ்டி, இந்தச் சுவர் ஏழு அடி கனம். பீரங்கி சுட்டும் அசையல," என்றார்.

அக்காவிடம் எழுபது அடி என்று சொன்னேன். அவள் அதைத் திருநெல்வேலிக்குப் போன் போட்டு எழுநூறு ஆக்கவில்லை. அவளுக்குக் கற்பனை போதாது.

ஜனவரி 18, வியாழன்

கோட்டையின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். நானூற்றெண்பது வருடத்துக்கு முன் ஒரு முரட்டுப் பிரபு கட்டினான். அப்புறம் சணல் வியாபாரத்தில் கொழுத்த ஒருவர் வாங்கி, பெரிய கூடத்தில் முழு மாட்டைச் சுடுவதற்காக, சுவருக்குள் நெருப்பு மூட்டும் கணப்பின் வாயை இடித்து அகலமாக்கினார். அந்த வாய்க்கு மேலே குறுக்காக ஒற்றைக் கல், செந்நிறம், ஒன்பது அடி நீளம். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி, குளிர் காற்று வராமல் கணப்பைச் செங்கல் வைத்து அடைத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியபோது, போட்டோவில் அழகாகத் தெரியட்டும் என்று அந்தச் செங்கல்லை எடுத்துவிட்டார்கள்.

இன்றைய நெருக்கடி: ஓமம். கூடத்தில் புகை எழுந்தால் கூரையில் உள்ள கருவி அலறி, தண்ணீரைக் கொட்டிவிடுமாம். மொராக் கையை விரித்துவிட்டார். அக்கா அழத் தொடங்கிவிட்டாள்.

"நெருப்பில்லாமக் கல்யாணமா? என்ன, லைட்ட போட்டு அது முன்னாடி தாலி கட்டச் சொல்லுதாகளா?"

அப்போது என் மூளை மின்னியது. கணப்பின் வாய்க்குள்ளேயே மணவறை! பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் கல்லுக்குக் கீழே உட்காரட்டும். நடுவில் ஓம குண்டம். புகை நேராகச் சிம்னியில் ஏறி ஆகாயத்துக்குப் போகும். மொராக் கைதட்டினார். ரோரி என்னைத் தூக்கிவிட்டான். நல்ல பையன், மாடு போல பலம்.

நாளையிலிருந்து தினம் கொஞ்சம் நெருப்பு மூட்டிப் புகை சரியாக ஏறுகிறதா என்று பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

நெருப்பு மூட்டினேன். புகை அருமையாக ஏறியது. சிம்னிக்குள் ஏதோ 'டிக்' என்றது. உறைந்த கல் சூடேறினால் அப்படித்தான் சத்தம் வரும்.

ஜனவரி 20, சனி

சனிக்கிழமைகளில் மொராக் உள்ளூர்க்காரர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவார். இருபது பேர் வந்தார்கள். "எங்க இந்திய எஞ்சினீயர் ரெண்டு வார்த்தை பேசுவார்," என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார். கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு எனக்குச் சொந்தமில்லை.

கணப்பை விரிவாக்கிய கொத்தனாருக்குக் கூலி தராமல், அவனை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்றேன். அவன் இன்றைக்கும் உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறான் என்றேன். கல்லில் ஒரு மயிரிழைக் கோடு ஓடியதைக் காட்டி, "இதோ, அவன் விரல் பட்ட இடம்," என்றேன். ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். மொராக் கண்ணடித்தார். வெற்றி.

அந்த மயிரிழையை நான் கதைக்காகத்தான் காட்டினேன். காட்டும்வரை அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

காலையில் அக்கா உற்சாகமாக வந்தாள். கணப்புக்கு முன்னால் தரையில் நேற்று பச்சரிசி மாவில் கோலம் போட்டுப் பார்த்தாளாம்.

"ஏல ஆவுடை, கோலத்துக்குச் செம்மண் கோடு நீயா இழுத்த? நூல் பிடிச்சாப்ல இருக்கு. நல்லா இருடே."

நான் இழுக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். வெள்ளைக் கோலத்துக்குக் குறுக்கே மெல்லிய சிவப்புப் பொடி. நேராக ஒரு கோடு. அண்ணாந்தேன். கோட்டுக்குச் சரியாக மேலே, கல்லின் அடிப்பக்கம், அந்த மயிரிழை.

முக்காலி போட்டு ஏறினேன். சட்டைப் பையில் கல்யாணப் பத்திரிகை இருந்தது. நம்மூர்ப் பத்திரிகை, மொத்தமான அட்டை, மேலே பிள்ளையார். அதன் முனையை வைத்துப் பார்த்தேன். உள்ளே போனது.

அக்காவிடம், ஆமாம், நான்தான் இழுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுத்து கோணலாக இருக்கிறது. இந்த ஊர்க் குளிர் அப்படி.

ஜனவரி 22, திங்கள்

நெருப்பு மூட்டவில்லை. முட்டி வலி என்று சொன்னேன். ரோரி மூட்டினான்.

ஜனவரி 23, செவ்வாய்

இன்றும் சிவப்புக் கோடு. அக்கா எழுந்து வருவதற்குள் துடைத்துவிட்டேன்.

மொராக்கிடம் சொன்னேன். சொன்ன விதம்தான் தப்பாகிவிட்டது. பயம் வந்தால் எனக்குச் சின்ன வார்த்தை வாயில் நிற்காது. "அம்மணி, அந்த விரிசலுக்குள்ள ஒரு ஒட்டகம் படுத்துத் தூங்கலாம்," என்றேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒட்டகமா! மிஸ்டர் ஆவ்டி, அடுத்த சனிக்கிழமைக்கு இதையும் சேத்துக்கிடுதேன்." பிறகு ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிபுணர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குறையில்லை. "அந்தக் கோடு எங்க பாட்டன் காலத்துலேயே இருக்கு. அது பாட்டுக்கு இருக்கும்."

காகிதம் பார்த்து எந்தக் கல்லும் நின்றதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தி வீட்டு மனுஷி. சிரித்து வைத்தேன்.

பூரணிக்குப் போன் செய்து, அவள் ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கை வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லில் இரண்டு கொண்டுவரச் சொன்னேன். "எதுக்கு மாமா?" என்றாள். கோட்டையின் ரத்தத்தைப் பரிசோதிக்க என்றேன். சிரித்தாள். நல்லவேளை.

ஜனவரி 24, புதன்

பூரணி லீவு போட்டு வந்துவிட்டாள். மூஞ்சியெல்லாம் கல்யாணக் களை. கண்ணாடிச் சில்லைக் கையில் வைத்து, "எத்தனை லட்சம் வருஷப் பழைய ரத்தம் மாமா?" என்று கேலி செய்துவிட்டு மருதாணி வைக்கப் போனாள்.

எல்லாரும் சாப்பிடப் போனதும் முக்காலியில் ஏறி, விரிசலின் இரு கரையையும் சேர்த்துச் சில்லைப் பசை போட்டு ஒட்டினேன். எங்கள் துறையில் இதுதான் முறை. சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது.

கடைசியாக நான் இப்படி ஒட்டியது கயத்தாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில்.

அது வேறு விஷயம். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி சூப். பிரமாதம்.

ஜனவரி 25, வியாழன்

கண்ணாடி முழுசாக இருக்கிறது. விரிசலின் கீழ்முனையில் இரண்டு பத்திரிகையைச் சேர்த்து வைத்தாலும் போகிறது. கண்ணாடி ஒட்டியது மேல்முனையில். அங்கே ஒன்றுதான். நான் வீணாகப் பயப்படுகிறேன். பயப்படவில்லை, கவனிக்கிறேன்.

ரோரி மறுபடி நெருப்பு மூட்டினான். வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். "சிம்னி நல்லாச் சூடாகி இருந்தாத்தான அன்னைக்குப் புகை ஏறும்? நீங்கதானே சொன்னீங்க மாமா," என்றான். நான்தான் சொன்னேன்.

ஜனவரி 26, வெள்ளி

வெளியே பனி உருகத் தொடங்கிவிட்டது. கூரையெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. எல்லாருக்கும் சந்தோஷம், வெயில் வந்துவிட்டதாம். விரிசலுக்குள் உறைந்து கிடக்கும் தண்ணீர்தான் இத்தனை நாள் இரண்டு கரையையும் பிடித்து வைத்திருக்கிறது என்பது என் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது. ராணுவத்தான் வைத்த செங்கல்லும் அந்தக் கல்லைத் தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அதையும் எடுத்தாயிற்று.

மத்தியானம் ஒத்திகை. தாய்மாமன் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணவறையில் உட்கார வைக்க வேண்டும். பூரணி கையை நீட்டினாள். மருதாணி சிவந்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். கணப்புக்கு நான்கடி முன்னால் என் கால் நின்றுவிட்டது.

"என்ன மாமா?"

"முட்டி."

"ஏல, அன்னைக்கும் இப்படி நின்னு மானத்த வாங்காத," என்றாள் அக்கா.

அக்காவைத் தனியே கூப்பிட்டு, மணவறையை வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். கல் விழுந்தால் கோட்டையே தரைமட்டமாகும், ஸ்காட்லாந்தே இரண்டாகப் பிளக்கும் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நல்ல காரியத்துல வாய வைக்காத ஆவுடை. இந்த எடத்தச் சொன்னது யாரு? நீதான? பிறந்ததுலேருந்து உன் வாயில ஒத்த வார்த்தை அளவா வந்திருக்கா? வந்தவுக முன்னாடி பேயி பிசாசுன்னு கதை விட்ட. இப்ப எம்மக தலையில கல்லு விழும்னு சொல்லுத. போடா."

அவள் 'டா' போட்டு நாற்பது வருடமாகிறது.

ஜனவரி 27, சனி

காலை ஏழரை. கண்ணாடி உடைந்திருக்கிறது. குறுக்கே, ஒரே கோடாக.

அந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் உடைந்தது.

மணி பத்து. இரண்டு முறை கூடத்துக்குப் போய்வந்தேன். வாசலோடு. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மொராக் ஒட்டகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றி, விரிசலில் விரலை வைக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். நான் கத்தினேன். எல்லாரும் கைதட்டினார்கள். கதையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

மணி நான்கு. இனி எழுதுவதை நிதானமாக எழுத வேண்டும்.

பூரணியின் அறைக் கதவைத் தட்டினேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் யானை, எருமை, பூகம்பம். அவள் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். உடைந்த சில்லின் இரண்டு துண்டையும் மேசையில் வைத்தேன்.

"இது நான் தந்த ஸ்லைடா?"

"ஆமா."

"நீங்க கீழ போட்டு உடைச்சீங்களா?"

"இல்ல. கல்லு உடைச்சுது."

"விரிசல் எவ்வளவு மாமா இருக்கு?"

"மூணு பத்திரிகை அகலம்."

அவள் எண்ணெய்க் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணா?"

"ஞாயித்துக்கிழமை ஒண்ணு. வியாழக்கிழமை ரெண்டு. இன்னைக்கு மூணு. நாலாவது போகல. வச்சுப் பார்த்தேன்."

"மாமா, நீங்க முப்பதுன்னு சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்," என்றாள். சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினாள். "உக்காருங்க. வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

சொன்னேன். முப்பத்தொரு வருடமாக யாரிடமும் சொல்லாதது.

கயத்தாறு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல்கட்டு வாசலுக்கு மேலே சன்ஷேடு விரிசல் விட்டிருந்தது. நான் ஓவர்சியர். கண்ணாடி ஒட்டினேன். மூன்றாம் நாள் உடைந்தது. பெரிய எஞ்சினீயருக்கு அறிக்கை எழுதினேன். சாதாரணமாக எழுதினால் யார் கவனிப்பார் என்று நினைத்து, 'விரிசலுக்குள் ஒரு மாட்டு வண்டி சாவகாசமாகப் போய்வரலாம்' என்று எழுதினேன். அவர் டீ வேளையில் அதை உரக்கப் படித்தாராம். ஆபீஸே சிரித்ததாம். எனக்குப் பெருமையாக இருந்தது. யாரும் வரவில்லை. அறிக்கை போன நாலாம் நாள் மத்தியானம் பிள்ளைகள் தட்டோடு உள்ளே போய்விட்டார்கள். சத்துணவு ஆயா செல்லம்மா மட்டும் கரண்டியை மறந்துவிட்டோமே என்று திரும்பி வந்தாள். அப்போதுதான் சன்ஷேடு விழுந்தது.

அதற்குப் பிறகு ஸ்டோர் கிளார்க் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை நடக்கும் இடத்துக்கே போனதில்லை. துறையைத் தலையில் சுமந்ததெல்லாம் சிமென்ட் மூட்டைக் கணக்கு எழுதியதுதான்.

பூரணி எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்து, எண்ணெயோடு, அழுத்தினாள். பிறகு பரிசோதனை முடிவைச் சொல்லும் டாக்டர் குரலில் போனை எடுத்து ரோரியையும் மொராக்கையும் வரச் சொன்னாள்.

"நான் அந்தக் கல்லுக்குக் கீழ உக்கார மாட்டேன்," என்றாள் அவர்களிடம். "காரணம் இதோ." கண்ணாடித் துண்டுகளைக் காட்டினாள்.

மொராக் அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒட்டகம்னு சொன்னீங்களே மிஸ்டர் ஆவ்டி. இதைக் காட்டியிருக்கலாமே," என்றார். அவர் சொன்னதில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவரே போய்க் கூடத்தைப் பூட்டி, சாவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. விடிந்தால் முகூர்த்தம், மணவறைக்கு இடமில்லை, எல்லாம் என்னால்.

ஜனவரி 28, ஞாயிறு

குதிரை லாயத்து முற்றத்தில் கல்யாணம் நடந்தது. தூறல். ரோரியின் சேக்காளிகள் நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். ஓமத்தின் மேல் தண்ணீர் விழாமல் நான் குடை பிடித்தேன். குடை விளிம்பு கருகியது. கிளாஸ்கோவிலிருந்து வந்த ஐயர் தும்மிக்கொண்டே மந்திரம் சொன்னார். பூரணியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். என் கால் எங்கேயும் நிற்கவில்லை. பதினொன்று பத்துக்குத் தாலி ஏறியது.

கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். இந்த ஆள் ஒருவனால் நனைகிறோம் என்ற பார்வை. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் பக்கமே திரும்பவில்லை. கல் விழ வேண்டும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு இருபதுக்கு, எல்லாரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது, பூட்டிய கூடத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி போல இல்லை. பீரங்கி போல இல்லை. கனமான மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு சத்தம். அப்புறம் கொஞ்சம் மணல் கொட்டும் சத்தம்.

மொராக் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஜனவரி 29, திங்கள்

மொராக்கும் ரோரியும் நானும் மட்டும் வாசலில் நின்று பார்த்தோம். கல் நடுவில் பிளந்து, இடது பாதி விழுந்திருக்கிறது. அக்கா நேற்று முன்தினம் பூட்டும்முன் போட்ட கோலத்தின் மேல். மொராக் என் தோளில் கையை வைத்தார்.

உள்ளே போகக் கூடாது. ரோரி நீளக் கம்பில் டேப்பைக் கட்டிக் கொடுத்தான். வாசலிலிருந்தே அளந்தேன்.

அறைக்குத் திரும்பினால் அக்கா போனில் கத்திக்கொண்டிருந்தாள். "ஒரு யானை தண்டிக் கல்லு, மயினி! கோட்டையே ஆடிப் போச்சு! எம்தம்பி முன்கூட்டியே சொல்லிட்டான். அவனுக்கு மண்ணைத் தொட்டாலே தெரியும். பெரிய எஞ்சினீயரா இருந்தவன் பாத்துக்கோ!"

"யானை இல்லக்கா," என்றேன். "நாலடி ரெண்டு அங்குல நீளம். ஒண்ணே முக்கால் அடி கனம். நான் எஞ்சினீயர் இல்ல. ஓவர்சியர்."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை விநோதமாகப் பார்த்தாள். "உடம்புக்கு என்னல செய்யுது?" என்றாள். பிறகு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை என்றேன். டைரியை எடுத்துக்கொண்டு தனியே வந்துவிட்டேன். அன்றைக்கு எழுதியிருக்க வேண்டிய அறிக்கையை இன்று எழுதுகிறேன்.

சமையல்கட்டு வாசல் சன்ஷேடு. நீளம் ஆறடி. அகலம் இரண்டடி. விரிசல், சுவரை ஒட்டி, முழு நீளத்துக்கும். அகலம் ஒரு தீக்குச்சி. கண்ணாடி உடைந்துவிட்டது. உடனே ஆட்களை விலக்க வேண்டும். கீழே தினமும் நடப்பவர்: செல்லம்மா, வயது நாற்பத்திரண்டு.

எட்டே வாக்கியம். எழுத்து கோணலாக இருக்கிறது. அறை கதகதப்பாகத்தான் இருக்கிறது.